ஷரோண்டா மேய்ஸ் தரைக்குள் நடந்த வருடம்

ஷரோண்டா மேய்ஸ் கர்ப்பமான நான்காம் மாதத்தில் தரைக்குள் இறங்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பட்டாணியும் கோழித் துண்டும் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. தலைமையாசிரியர் வரிசையை ஒதுக்கிக்கொண்டு வந்து, "வயித்துல பிள்ளையோட நாள் முழுக்க நிக்கிறியே, நீ இரும்பும்மா" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் கதவைத் தாண்டுவதற்குள் அவளுடைய இரண்டு பாதங்களும் கணுக்கால்வரை தரைக்குள் போயிருந்தன. வலி இல்லை. தரையும் உடையவில்லை, பிசைந்த மாவில் விரல் இறங்குவதுபோல அவளை உள்ளே வாங்கி, சுற்றிலும் மூடிக்கொண்டது. ஷரோண்டா குனிந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு அடுத்த தட்டில் பட்டாணியைப் போட்டாள். வரிசை இன்னும் கதவுவரை நின்றிருந்தது.

சாயங்காலம் அவள் கணுக்காலளவு தண்ணீரில் நடக்கிறவள்போலச் சாலைத் தாரை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவளுக்குப் பின்னால் சாலை தானாக மூடிக்கொண்டது. தையல் போட்டதுபோல ஒரு மெல்லிய கோடு மட்டும் நின்றது. ஆஷ்பி கிராசிங் சின்ன ஊர். ரயில் பாதைக்குத் தெற்கே கறுப்பர்கள், வடக்கே மற்றவர்கள், இரண்டுக்கும் அடியில் ஜார்ஜியாவின் செம்மண். தெற்கே இருந்தவர்கள் இதைப் பார்த்துப் பெரிதாக அதிசயப்படவில்லை. அதிசயப்பட்டது சாலை இலாகா மட்டும்தான். அதே தெருவில் ஆளை விழுங்கும் பள்ளங்களை வருடக்கணக்காகப் பார்த்தும் அசராத இலாகா, இந்தக் கோட்டைக் கண்டதும் டேப்போடு ஓடிவந்தது. வந்த அதிகாரி அளந்து பார்த்துவிட்டு, இனிமேல் புல்தரை வழியாக நடக்கும்படி அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். பள்ளங்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன.

தனக்கு என்ன நடக்கிறது என்பதில் ஷரோண்டாவுக்குச் சந்தேகமே வரவில்லை. அவளுடைய அக்கா யோலாண்டா இப்படித்தான் போனாள். பிள்ளை பெற்ற வாரத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சிரித்த முகத்தோடு மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க, யோலாண்டா உண்மையைச் சொல்லித் தொலைத்தாள்: தூக்கம் இல்லை, பிள்ளையைப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைபோல இருக்கிறது, காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. நர்ஸ் அன்பாகத் தலையாட்டினாள். மறுநாள் குழந்தை நல அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து குளிர்ப்பெட்டியைத் திறந்து பால் இருக்கிறதா என்று பார்த்தார்கள். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார்கள். பிள்ளையைத் துணி வாங்குகிறவர்கள்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மனசைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. அது அவர்களுடைய வேலை இல்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் யோலாண்டா "நல்லா இருக்கேன்" என்றாள். சபையிலும் தெருவிலும் எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். தட்டிக்கொடுக்கக் கொடுக்க அவள் இறங்கினாள். ஒரு மத்தியானம் கொல்லையில் கார் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே மண்ணுக்குள் போய்விட்டாள். ரப்பர் குழாய் மட்டும் சாயங்காலம்வரை புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. போலீஸ் வந்து, வீட்டைவிட்டு ஓடிப்போனவள் என்று முடிவு கட்டியது. "இரும்பு மனுஷி, எங்க போனாலும் பொழைச்சுக்குவா" என்றது ஊர். பிள்ளையை அதன் அப்பன் டெட்ராய்ட்டுக்குத் தூக்கிப்போனான். அன்றிலிருந்து ரயில் பாதைக்குத் தெற்கே எந்தப் பெண்ணும் ஆஸ்பத்திரிக்குள் உண்மை பேசுவதில்லை.

ஆகவே கணக்கு எளிது. தலை போவதற்குள் இது நிற்க வேண்டும். யோலாண்டாவாவது பெற்றுவிட்டுப் போனாள்; ஷரோண்டா போனால் பிள்ளையும் சேர்ந்து போகும்.

அவள் புருஷன் ரொடெரிக் நல்லவன். ஆனால் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் டெக்சஸிலோ ஒஹையோவிலோ இருப்பான். அவனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"கணுக்கால் வரைக்குமா?"

"ஆமா."

"வலிக்குதா கண்ணு?"

"வலி இல்ல. அதான் பயமா இருக்கு."

"ஒண்ணும் ஆகாது. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ எதையும் சமாளிச்சுடுவ."

அவள் பாதிக் கெண்டைக்கால்வரை இறங்கினாள். "இந்தப் பேச்சை விடு ரொடெரிக், இறங்குறேன்" என்று கத்தினாள். அவன் பதறிப்போய், "சரி சரி, சொல்லல. ஆனா நீ தைரியசாலி, அதை மட்டும்..." என்று ஆரம்பிக்க, அவள் போனை வைத்துவிட்டாள். வார்த்தை எதுவானாலும் ஒன்றுதான்: இரும்பு, தைரியசாலி, தாங்குவாள், சமாளிப்பாள். சொல்கிறவன் அன்போடு சொன்னானா, வேலை முடிந்தது என்று கழற்றிக்கொள்ளச் சொன்னானா என்று தரை பார்ப்பதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே பிரசவப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. அவள் நடந்தபோது அவளுடைய இரண்டு பாதங்களும் கீழ்த்தளத்து பில் பிரிவின் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டு நகர்ந்தன. பில் பிரிவுக்காரர்கள் மேலே புகார் அனுப்பினார்கள்: மதிய உணவு நேரத்தில் ஷூவிலிருந்து மண் உதிர்கிறது. நர்ஸ் அவளை நிறுத்தி உயரம் அளந்தாள். எப்போதும் ஐந்தடி எட்டு அங்குலம் இருந்தவள் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே இருந்தாள். போன தடவை அளந்தவர்கள் தப்பாக அளந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் பழைய எண்ணை அடித்துத் திருத்தினாள். டாக்டர் வின்ஸ்லோ அவளைப் படுக்க வைத்துப் பரிசோதித்தார். படுத்தால் யாரும் இறங்குவதில்லை. ரத்தம், சிறுநீர், பிள்ளையின் துடிப்பு எல்லாம் சரி. அவள் எழுந்து தரையில் நின்றதும், அவர் கை கழுவிக்கொண்டே, "மனசு எப்படி இருக்கு?" என்று குழாயைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லா இருக்கேன் டாக்டர்."

"பேஷ். எல்லாரும் உங்கள மாதிரி இருந்துட்டா எங்களுக்கு என்ன கவலை."

ஒரேயடியாக அவள் இரண்டு அங்குலம் இறங்கினாள். கீழே ஒரு குமாஸ்தாவின் காப்பி கொட்டியது.

அந்த வருடம் கறுப்புத் தாய்மார்களின் மனசு திடீரென்று எல்லோருக்கும் முக்கியமாகிவிட்டது. ஏதோ பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். தலைநகரத்திலிருந்து மானியம் வந்தது. ஆஸ்பத்திரி உடனே கேரலின் ஆஷ்வொர்த் என்ற சீமாட்டியின் தலைமையில் ஓர் ஆதரவுத் திட்டம் தொடங்கியது. திட்டத்துக்கு 'இரும்புத் தாய்' என்று பெயர். பெயர் வைக்க மட்டும் ஆறு கூட்டம் நடந்ததாகக் கேள்வி. ஒன்றில்கூட ஒரு கர்ப்பிணி உட்காரவில்லை. திட்டத்தில் ஊதா நிறத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். ஒரு போன் எண் கொடுத்தார்கள். ஷரோண்டா அந்த எண்ணுக்குப் போட்டபோது ஒரு பதிவுக் குரல், அழைத்ததே பெரிய வீரம் என்று பாராட்டியது, முழங்கால் மறைந்தது. பிறகு பாட்டுப் போட்டார்கள். வெகுநேரம் கழித்து ஓர் இளம்பெண் வந்து, மனநல ஆலோசகரின் நேரம் ஒதுக்கிக் கொடுத்தாள். பிள்ளைக்குப் பல் முளைக்கிற மாதத்தில் ஒரு வியாழக்கிழமை.

"அதுக்குள்ள நான் பெத்துடுவேனேம்மா."

"அப்போ பிள்ளையையும் கூட்டிட்டு வரலாம், மேடம். பிரச்சனையே இல்ல."

இதற்கெல்லாம் மேலே, காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தவளை யாரோ படம் எடுத்து, முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாததால் இடுப்போடு வெட்டி, பஸ் நிறுத்தங்களில் எல்லாம் ஒட்டினார்கள். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'எதையும் தாங்குவாள்.' பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு வேறு வேலை ஏது? வாய்விட்டுப் படித்தார்கள். ஊரின் எந்த மூலையில் யார் படித்தாலும் அவள் இறங்கினாள். பள்ளிக்கூடத்தில் கரண்டி பிடித்தபடி இறங்கினாள். கடையில் முட்டை வாங்கும்போது இறங்கினாள். தொடை மறைந்தது. சாப்பாட்டு மேடை அவள் கழுத்தளவுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் அவளை விடுப்பில் அனுப்பியது. அனுப்பும்போது ஒரு வாழ்த்து அட்டையில் எல்லா ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

இறங்க இறங்க அவளுக்குள் ஒரு சோம்பல் வந்தது. இதைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மண்ணுக்குள் இருந்த பாகம் குளிர்ச்சியாக, பாரமில்லாமல் இருந்தது. மேலே இருந்த பாகத்துக்குத்தான் எல்லாத் தொல்லையும்: விடிய விடிய விழித்திருக்கும் கண், பிள்ளை உதைக்கும்போது எதுவும் தோன்றாத நெஞ்சு, சிரித்துச் சிரித்து வலிக்கும் தாடை. சில நேரம் வீட்டுச் சமையலறையில் தொடையளவு தரையில் நின்றபடி, கொஞ்சம் குனிந்தால் போதும், முழுதாகப் போய்விடலாம் என்று நினைப்பாள். யாரையாவது கூப்பிட்டு, என்னைப் பற்றி ரெண்டு நல்ல வார்த்தை சொல் என்று கேட்டால் முடிந்தது. அந்த நினைப்பு வந்த நாட்களில் அவள் யாருக்கும் போன் போடவில்லை. அவள் செய்த ஒரே காரியம் அதுதான், அதையும் யாரும் காரியமாக நினைத்திருக்க மாட்டார்கள்.

மே மாதம் அன்னையர் ஞாயிறு வந்தது. மவுண்ட் ஹெர்மோன் சபையில் அன்றைக்கு 'இரும்புத் தாய்' என்று ஒரு விருது உண்டு. ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பதற்கு முப்பது வருடம் முன்னாலேயே சபை அதை வைத்திருந்தது. போதகரின் மனைவியை முதல் சீமாட்டி என்று சொல்வது அங்கே வழக்கம். முதல் சீமாட்டி வெர்னீஸ் ஹட்சன், தலையில் இரண்டடி உயரத்துக்கு ஊதாத் தொப்பி வைத்துக்கொண்டு மேடையில் நின்றாள். அதில் இறகு இருந்தது, முத்து இருந்தது, ஒரு சின்னப் பறவை இருந்தது.

"இந்த வருஷத்து இரும்புத் தாய் யாருன்னு நான் சொல்லணுமா சபையே? ஊர் முழுக்கப் படம் ஒட்டியிருக்கே! வா மகளே, எழுந்து வா!"

சபை எழுந்து நின்று கைதட்டியது. ஷரோண்டா நடுப்பாதையில், கம்பளத்தைக் கிழிக்காமல் கிழித்துக்கொண்டு, முன்னே நடந்தாள். ஒவ்வொரு வரிசையைத் தாண்டும்போதும் யாராவது ஒருவர் பாராட்டி ஏதாவது சொன்னார். இடுப்பு போனது. மேடைக்கு வருவதற்குள் வயிறு தரைக்குள் மறைந்துவிட்டது. அந்த நேரம் அவள் ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பிள்ளை இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே சிவப்புக் கம்பளம்தான் இருந்தது. வெர்னீஸ் ஹட்சன் மைக்கின் கம்பியை நன்றாகத் தாழ்த்தி அவள் வாய்க்கு நேரே வைத்து, "சாட்சி சொல்லு மகளே" என்றாள்.

சாட்சிக்கு அங்கே ஓர் ஒழுங்கு உண்டு. கஷ்டத்தைச் சொல்லலாம், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அது முடிந்துபோன கஷ்டமாக இருக்க வேண்டும். சொல்லிக்கொண்டே வந்து, 'ஆனாலும்' என்று ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும். 'ஆனாலும்' வந்ததும் ஆர்கன்காரர் ஓங்கி அடிப்பார், சபை துள்ளும், எல்லோரும் சாப்பிடப் போவார்கள். நடு ஆற்றில் நின்றுகொண்டு யாரும் சாட்சி சொன்னதில்லை. கரையேறினவர்களுக்குத்தான் மைக்.

"சபைக்கு ஸ்தோத்திரம்" என்றாள் ஷரோண்டா.

"ஸ்தோத்திரம்!"

"எனக்கு எட்டு மாசம்."

"ஆமென்!"

"எனக்குத் தூக்கம் வந்து ரொம்ப நாளாச்சு."

"சொல்லு சகோதரி!"

"இந்தப் பிள்ளைய நான்தான் கேட்டேன், முட்டி போட்டுக் கேட்டேன். இப்ப அது உதைக்குது, எனக்கு ஒண்ணும் தோணல. பக்கத்து வீட்டுல யாரோ சுவர் தட்டுற மாதிரி இருக்கு."

பதில் கொஞ்சம் மெலிந்தது. பின்வரிசையில் ஒருவர் மட்டும் "ம்" என்றார்.

"எங்க அக்கா போன இடத்துக்குப் போயிடலாம்னு இருக்கு. கீழ நல்லா இருக்கு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ஆர்கன்காரர் ஒரே கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எந்த நிமிஷமும் வரப்போகிற அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். கட்டை முனகிக்கொண்டே இருந்தது. வெர்னீஸ் ஹட்சன் குனிந்து, சிரிப்பு மாறாமல், "ஆனாலும்..." என்று எடுத்துக்கொடுத்தாள்.

"ஆனாலும் ஒண்ணும் இல்லம்மா. அவ்வளவுதான்."

இந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று சபையின் மூப்பர் பர்விஸுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவர் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, கைக்குட்டையை வீசி, "நீ தாங்குவ மகளே! நீ தாங்குவ!" என்று கர்ஜித்தார். ஷரோண்டா மோவாய்வரை போனாள். அவருக்கு மகா திருப்தி. உட்கார்ந்துகொண்டார்.

அப்போது டொனெட்டா பிக்ஸ் எழுந்தாள். தலைமுடி பின்னும் கடை வைத்திருக்கிற டொனெட்டா, இரண்டு ஈஸ்டருக்கு முன்னால் ஷரோண்டா பாட வேண்டிய தனிப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டவள். அதற்குப் பிறகு இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சு இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் போகிறாள் என்று எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். டொனெட்டா மஞ்சள் உடுப்போடு நடந்து வந்து, வெர்னீஸை ஒரு கையால் விலக்கிவிட்டு, மைக்கின் கம்பியைப் பிடுங்கி ஓரமாக எறிந்தாள்.

"ஏய், என்னைப் பாரு."

"சிரிக்க வந்தியாடி?"

"பின்ன? உன் அழகைப் பார்க்கவா வந்தேன்? இவங்கல்லாம் உன்னை இரும்புங்கிறாங்க. நீயா இரும்பு? நான் பாட்டைப் பிடுங்கின அன்னைக்கு இந்தச் சபை பாத்ரூம்ல உக்காந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதவதானே நீ? எனக்குக் கேட்டுச்சு."

"கேட்டும் ஒரு வார்த்தை கேக்கலையே, பாவி."

"எப்படிடி கேக்கிறது? அடுத்த கதவுக்குப் பின்னால நான் அழுதுட்டு இருந்தேன்."

ஷரோண்டாவின் மோவாய் தரையிலிருந்து ஒரு விரற்கடை மேலே வந்தது. முன்வரிசை முழுக்க அதைப் பார்த்தது.

டொனெட்டா தரையில் உட்கார்ந்தாள். குளத்தங்கரையில் உட்காருகிறவர்கள் காலைத் தண்ணீருக்குள் தொங்கவிடுவதுபோல அவளுடைய இரண்டு கால்களும் முழங்கால்வரை கம்பளத்துக்குள் போயிருந்தன. அவை அப்போது போனவை அல்ல. "எனக்கு ரெண்டாவது பையன் பொறந்ததுலேர்ந்து இப்படித்தான்" என்று சொல்லி, டொனெட்டா தலையிலிருந்த மஞ்சள் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். தொப்பி இல்லாமல் அவள் பத்து வயதுப் பிள்ளையின் உயரம்தான் இருந்தாள். அப்போதுதான் சபைக்கு ஒரு விஷயம் விளங்கியது: அந்த ஊரில் பெண்களின் தொப்பிகள் ஏன் வருடா வருடம் உயர்ந்துகொண்டே போயின என்பது. நீண்ட பாவாடை தரையை மூடும், தொப்பி மேலே இழுக்கும். பார்க்கிறவர்கள் பறவையையும் இறகையும் பார்ப்பார்கள், காலை யார் பார்க்கிறார்கள்? ஒவ்வொரு வரிசையாகப் பெண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கணுக்கால், முழங்கால், தொடை. ஒரு கிழவி இடுப்புவரை இருந்தாள், ஐம்பது வருடமாக அப்படியே இருக்கிறதாம், புருஷனுக்குக்கூடத் தெரியாதாம். புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போதும் தெரியவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார். வெர்னீஸ் ஹட்சன் மட்டும் கழற்றவில்லை. இன்றுவரை கழற்றவில்லை. தொப்பி இப்போது மூன்றடி.

பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஷரோண்டாவைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி, "எனக்கும் அந்தச் சுவர் தட்டுற சத்தம் கேட்டுச்சு, மூணு பிள்ளைக்கும்" என்றாள். மற்றவர்கள் "ம்" என்றார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. இன்னொருத்தி பேசினாள், "ம்" என்றார்கள். ஆர்கன்காரர் கட்டையிலிருந்து விரலை எடுத்தார். பொரித்த கோழி வெளியே ஆறிப்போனது. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கடைசியில் தாங்களே போய்ப் பரிமாறிக்கொண்டார்கள், மோசமாக. ஷரோண்டா விக்கி விக்கி அழுதாள். பிள்ளைக்காக இல்லை, அக்காவுக்காக. அவளுக்காக அதுவரை ஒரு துளிகூட அழவில்லை, அதற்கு நேரம் கிடைக்கவில்லை. சபை விளக்குகளை அணைக்கும்போது தோள் வெளியே வந்திருந்தது.

மறுநாளிலிருந்து ஷரோண்டாவின் வீட்டில் ஆள் இல்லாத நேரம் இல்லை. முறைபோட்டு வந்தார்கள், டொனெட்டா கடையையே பாதி அங்கே கொண்டுவந்துவிட்டாள். வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரக் கூடாது, தரையில் உட்கார வேண்டும். ஷரோண்டா பேசினால் கேட்க வேண்டும், பேசாவிட்டால் கீரை ஆய வேண்டும். பாராட்டினால் கதவு அந்தப் பக்கம். ரொடெரிக் லாரியை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தான். வாசலில் நின்று, "கண்ணு, நீ..." என்று வாயைத் திறந்தான். உள்ளே இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாயை மூடிக்கொண்டு பாத்திரம் கழுவப் போனான். அன்றைக்கு ஷரோண்டா ஓர் அங்குலம் ஏறினாள். சில நாள் ஏறினாள், சில நாள் இறங்கினாள். பஸ் நிறுத்தத்துப் படங்களை யாரோ கிழித்துவிட்டார்கள். டொனெட்டாவின் கடையில் அந்த வாரம் முழுக்கக் கோந்து வாசனை அடித்தது.

வயிறு தரைக்கு மேலே முழுதாக வந்த வாரம், டொனெட்டா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் வின்ஸ்லோ வழக்கம்போலப் படுக்கச் சொன்னார்.

"படுக்க மாட்டா. நிக்கிறா. நீங்க கீழ வாங்க டாக்டர்."

"நான் எதுக்கும்மா கீழ வரணும்?"

"இத்தனை நாளா மேலேர்ந்து பார்த்துக் கிழிச்சது போதும். முட்டி போடுங்க."

டாக்டர் முட்டி போட்டுத் தரையோடு குனிந்தார். நெடுநாள் பழக்கமில்லாததால் எலும்பு சொடுக்கியது. ஷரோண்டாவின் தொடையும் தரையும் சேருகிற இடம் அவர் மூக்குக்கு நேரே வந்தது. அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். "இது எப்போலேர்ந்து?" என்று கேட்டார். அவள் சொன்னாள், எல்லாவற்றையும் சொன்னாள், குனிந்துவிடலாம் என்று நினைத்த நாட்களையும் சேர்த்து. சொல்லும்போது டொனெட்டாவின் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், அது வேலை செய்தது. பக்கத்து நகரமான ஆல்பனியிலிருந்து இமானி கோட்ஸ் என்ற மனநல மருத்துவரை வரவழைத்தார். அவளும் கறுப்பினத்தவள், இரண்டு பிள்ளை பெற்றவள்; வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே தரையில் உட்கார்ந்தாள். அத்தனை நாள் அப்படி ஒருத்தி ஒரு மணி நேரக் கார் தூரத்தில்தான் இருந்திருக்கிறாள். யாரும் கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் உண்மை சொன்னதால், பிள்ளை பிறக்கும் முன்பே குழந்தை நல அலுவலகத்திலிருந்தும் இரண்டு பேர் வராமல் இல்லை. வழக்கம்போல நேராகக் குளிர்ப்பெட்டிக்குப் போனார்கள். திறந்ததும் ஒரு பாத்திரம் மக்ரோனி, இரண்டு தட்டு சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பு, கோழி, வெண்டைக்காய்க் குழம்பு எல்லாம் அவர்கள் காலில் விழுந்தன. சபை முழுக்கச் சமைத்து அடைத்திருந்தது. மூட முயன்றார்கள், முடியவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த பதினைந்து பெண்கள் கீரை ஆய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கட்டிலுக்கு அடியிலயும் பாருங்க தம்பி, அங்கயும் ஒருத்தி படுத்திருக்கா, அவளுக்கு நைட் ஷிப்ட்" என்றாள் டொனெட்டா. அவர்கள் டார்ச்சைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கேரலின் ஆஷ்வொர்த் ஆண்டு அறிக்கையில் தன் திட்டம் மகத்தான வெற்றி என்று எழுதினாள். தண்ணீர் பாட்டில்கள் இன்னும் ஊரில் நிறைய இருக்கின்றன. எறும்பு வராமல் சர்க்கரை போட்டு வைக்க வசதி.

ஜூன் கடைசியில் பிள்ளை பிறந்தது. அதற்குள் பிரசவப் பிரிவைத் தரைத்தளத்துக்கு மாற்றியிருந்தார்கள்; கர்ப்பிணிகளுக்காக இல்லை, பில் பிரிவுக்காரர்கள் ஓயாமல் புகார் கொடுத்ததால். ஷரோண்டா கெண்டைக்கால் அளவில் நடந்து உள்ளே போனாள். வலி முற்றியபோது, முடியவில்லை என்று கத்தினாள். சுற்றி நின்றவர்கள், முடியும் என்று சொல்லவில்லை. "ம், முடியல, தெரியுது" என்றார்கள். அப்படியே பெற்றாள். பெண் குழந்தை. ரொடெரிக் அதற்கு நியாமா என்று பெயர் வைத்தான். ஷரோண்டா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைபோலத்தான் முதலில் இருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னாள், இமானி தலையாட்டினாள், யாரும் ஓடிவரவில்லை. மூன்றாம் வாரம் ஒரு காலையில் அது கொட்டாவி விட்டபோது தன் பிள்ளையாக ஆனது.

ஆனால் அது பிறகு நடந்தது. பிறந்த அன்றைக்கு, தொட்டிலில் கிடத்தப்போன புது நர்ஸ், விவரம் தெரியாமல், "அடேயப்பா, என்ன பிடி பிடிக்குது! இரும்பு மாதிரி இருக்கே பொண்ணு!" என்றாள். தொட்டிலின் சக்கரம் நான்கும் ஒரு நூலளவு தரைக்குள் அழுந்தின.

"மாத்திச் சொல்லு" என்றாள் டொனெட்டா.

நர்ஸ் சக்கரத்தைப் பார்த்தாள், பெண்களைப் பார்த்தாள், குழந்தையைக் குனிந்து நன்றாகப் பார்த்தாள். "பசிக்குது போல" என்றாள். "பயந்திருக்கு. அழுவுது."

"அதைச் சொல்லு."

சக்கரங்கள் மேலே வந்தன. நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். குழந்தை சாயங்காலம்வரை விடாமல் வீறிட்டது. யாரும் பாராட்டவில்லை, தொட்டில் தரைமேலேயே நின்றது.